ஆறுச்சாமியின் முழங்காலும் சீமாட்டியின் ஓட்டமும்

ஆறுச்சாமி முதன்முதலாக என் அலுவலகத்துக்கு வந்த அன்று, வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் மேஜைக் காலை மோந்து பார்த்தார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க அம்மணி. இங்க பூனை ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

வந்திருந்தது. ஆனால் அது போன மாதம். அந்த வாசம் இவருக்கு இன்னும் வருகிறதென்றால் அவர் மணிக்கட்டுப் பட்டை நன்றாகவே வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியை மூன்று முறை சுற்றிவிட்டு உட்கார்ந்தார்.

என் பெயர் வளர்மதி. விலங்கு உணர்வுத் துறையில் பட்டை ஆய்வாளர். பல்லடத்தில் ஒரு டயர் கடைக்கு மேல் அலுவலகம். இப்படி ஒரு துறை எப்படி வந்தது என்று கேட்காத சொந்தக்காரர்கள் எனக்குக் கிடையாது. ஆகவே பதிலை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

பந்தய நாய்களை நாளெல்லாம் கூண்டில் அடைத்து, ஓடவிடும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். முதல் வளைவில் ஒன்றோடொன்று மோதிக் காலை முறித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். இது வீடியோவாக வெளியே வந்து நாடு கொதித்தபோது, பந்தயத்தைத் தடை செய்திருக்கலாம். அப்படிச் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விஞ்ஞான வழி கண்டுபிடித்தார்கள். நாயின் கழுத்தில் ஒரு சில்லு, சொந்தக்காரரின் மணிக்கட்டில் ஒரு பட்டை. நாய்க்குப் பசித்தால் இவருக்கும் பசிக்கும். நாய்க்கு வலித்தால் இவருக்கும் வலிக்கும். தனக்கு வலித்தால் எவன் கொடுமை செய்வான் என்பது கணக்கு.

முதல் மாதம் பொற்காலம். மில் அதிபர்கள் நாய்களுக்கு மெத்தை வாங்கினார்கள். பருத்தி வியாபாரி ஒருவர் தன் நாய்க்கு உண்ணி எடுக்க நள்ளிரவில் ஆள் தேடினார். ஆனால் பக்க விளைவுகளும் வந்தன. பட்டை கட்டியவர்களின் மூக்கு மெல்ல மெல்ல நாய் மூக்காகிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவர் ஒருவர் கூட்டத்தின் நடுவே எழுந்து, ஜன்னலுக்கு வெளியே போன அணிலைப் பார்த்து நடுங்கினார். இன்னொருவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையை நக்கிவிட்டார். சம்பந்தி வீட்டார் நல்லவர்கள், அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மாதம் நம் ஆட்களுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சட்டத்தில் 'பதிவேட்டில் உள்ள உரிமையாளர்' பட்டை அணிய வேண்டும் என்றுதான் இருந்தது. நிலத்தை டிரைவர் பேரில் எழுதுகிறோம், காரை மச்சினன் பேரில் எழுதுகிறோம், நாயை எழுதினால் என்ன? ஒரே வாரத்தில் மாவட்டத்தின் பந்தய நாய்கள் எல்லாம் வாட்ச்மேன்களுக்கும் டிரைவர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் சொந்தமாகிவிட்டன. முத்திரை குத்தியவள் நான்தான். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஆறுச்சாமி அப்படிப்பட்ட உரிமையாளர். சென்னியப்பன் என்கிற நூற்பாலை முதலாளியிடம் வாட்ச்மேன். அதற்கு முன்னால் இருபது வருஷம் விசைத்தறியில் நின்றவர். அவர் பேரில் இருந்தது அயர்லாந்திலிருந்து வந்த ஒரு சாம்பல் நிறப் பெண் கிரேஹவுண்ட். பந்தய போர்டில் அதன் பெயர் 'சூப்பர் ஜெட் ஏழு'. சீமையிலிருந்து வந்ததால் ஆறுச்சாமி சீமாட்டி என்று கூப்பிடுவார்.

"என்ன விஷயங்க?" என்றேன்.

"எங்க படுத்தாலும் கூண்டுக்குள்ள இருக்கற மாதிரியே இருக்குதுங்க. ஊட்டுல தாழ்வாரத்துல படுத்துப் பாத்தேன், மொட்டைமாடில படுத்துப் பாத்தேன். நாலு பக்கமும் கம்பி நெருக்குது. அப்பறம், பந்தயத்துக்கு மொத நாளு எட்டு இட்டிலி திங்கறேனுங்க. பசி போறதே இல்ல."

"அது உங்க பசி இல்லீங்க. நாயோடது."

"அது தெரியுதுங்க அம்மணி. அதுக்குத்தான் வந்தேன். அதுக்கு ஒரு வாய் சோறு போடச் சொல்லி மேல எழுதிப்போடுங்க."

எழுதினேன். 'உரிமையாளர் தன் நாய்க்குத் தானே உணவளிக்கலாம்' என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. உரிமையாளரைச் சென்னியப்பனின் நாய்க்கூடத்து வாசலைத் தாண்டி விடுவதில்லை என்பது மேலிடத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பதிலைக் கோப்பில் கட்டி வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஆறுச்சாமி நொண்டிக்கொண்டு படியேறி வந்தார். கூடவே அவர் மனைவி மயிலாத்தாள். பேசும்போதே, பழகிப்போன கையோடு, கணவரின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"சீமாட்டி பின்னங்கால இழுக்குதுங்க அம்மணி," என்றார் ஆறுச்சாமி. "வலது காலு. ரெண்டு பந்தயம் தோத்துப்போச்சு. மூணாவதும் தோத்தா ஓய்வு குடுத்துர்றதுன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு."

ஓய்வு என்றால் ஊசி. நாங்கள் அந்த வார்த்தையைத்தான் கோப்பில் எழுதுவோம்.

"ஊசி போடறப்ப ஓனர் பட்டையக் கழட்டக் கூடாதாமே?" என்று மயிலாத்தாள் கேட்டார். "நாயி சாகறது இவரு உடம்புலயும் தெரியுமுங்களா?"

தெரியும். அந்த விதியைச் சேர்த்தபோது எங்கள் துறையில் கைதட்டினார்கள். எவனும் லேசில் ஊசி போட மாட்டான் என்றார்கள். நான் மயிலாத்தாளின் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் தேடினேன்.

"என்னையப் பத்தி வெசனம் இல்லீங்க," என்றார் ஆறுச்சாமி. "அதுக்குப் பயமா இருக்குமுல்ல. அந்தப் பயம் எனக்கு வரும். அப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அரசு ஊழியருக்கு அது நல்லதல்ல. உடனே கால்நடை மருத்துவர் நஸ்ரீனுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் நாங்கள் நாலு பேரும் நாய்க்கூடத்துக்குப் போனோம். ஆய்வாளர் கூட இருந்ததால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. வரிசையாகக் கூண்டுகள். சீமாட்டி எழுந்து நின்றால் முதுகு கம்பியில் இடிக்கும். ஆறுச்சாமியைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஆறுச்சாமியின் இடுப்பும் லேசாக ஆடியது.

நஸ்ரீன் ஒரு மணி நேரம் ஸ்கேன் எடுத்தார். எலும்பு, நரம்பு, ஜவ்வு எல்லாவற்றையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கால் பளபளன்னு இருக்கு மேடம். ஒரு கீறல் இல்ல. ஆனா வலி இருக்கு. வலிக்குக் காரணம் மட்டும் இல்ல."

"நடிக்குதா?"

"நாய்ங்க நடிக்காது. உங்க ஆபீஸ்ல லீவு கேக்கறவங்க மாதிரியா?"

நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, மயிலாத்தாள் வெளியே கொடிக்கம்பத்தில் ஏதோ வாசம் பிடித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏனுங்க, இருவத்தஞ்சு வருசமா நொண்டறீங்க, இன்னிக்காச்சும் நேரா நடந்து வாங்க. டாக்டரம்மா பாக்கறாங்கல்ல."

நான் திரும்பினேன். "என்ன சொன்னீங்க?"

"எதுங்க?"

"எத்தனை வருஷமா நொண்டறாரு?"

"கல்யாணத்துல மணவறைக்கே நொண்டிட்டுத்தான் வந்தாரு. தறியில நின்னு நின்னு வலது முட்டி தேஞ்சுபோச்சு. ஏனுங்க, இதுல என்ன?"

நஸ்ரீனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மூன்று மாதமும் அவர் நொண்டுவதைப் பார்த்தவர்கள் எல்லாம், 'பாவம், நாயின் கால்வலி இவருக்கு வந்துவிட்டது' என்றுதான் பேசினார்கள். ஆறுச்சாமியும் அப்படியே நம்பிவிட்டார். தன் முட்டி எது, நாயின் முட்டி எது என்பது அவருக்கே குழம்பிப்போயிருந்தது.

நஸ்ரீன் நாய்க்கூடத்துக் காவலாளியின் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து ஆறுச்சாமியிடம் கொடுத்தார். "கடிங்க."

கடித்தார். கூண்டுக்குள் சீமாட்டி ஒரு தும்மல் போட்டது. பிறகு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பாய்ந்து ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, எங்கள் எல்லோரையும் ஜென்மப் பகையோடு பார்த்தது.

"காரம் பத்தலீங்க," என்றார் ஆறுச்சாமி.

பட்டை செய்த கம்பெனிக்குப் போன் செய்தேன். அது ஒருவழிப் பட்டை, நாயிடமிருந்து ஆளுக்குத்தான் வரும், திரும்பிப் போக வாய்ப்பே இல்லை என்று ஒரு இனிமையான குரல் மூன்று தடவை சொன்னது. மிளகாயைப் பற்றிச் சொன்னதும் குரல் போனை வைத்துவிட்டது.

அடுத்து சென்னியப்பனைப் போய்ப் பார்த்தோம். மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்குக் கோபுரம் கட்டியவர், தேடி வந்தவரை வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் வேகம் குறைந்த நாயையும் தேய்ந்துபோன மெஷினையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்த்தார். நஸ்ரீன் விளக்க விளக்க அவர் புருவம் மேலே ஏறியது.

"அப்ப, முட்டி நம்ம ஆறுச்சாமியோடதுங்களா?"

"ஆமாங்க. அது சரியானா நாய் ஓடும்."

"பதினஞ்சு வருசமா முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு லீவு கேட்டுட்டு இருக்காப்ல. நான் ஒரு நாளும் குடுத்ததில்லீங்க," என்று யோசித்தார். "நாய்க்குன்னா பண்ணிரலாமுங்க. நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துப் பண்ணிரலாம்."

அடுத்த வாரமே ஆறுச்சாமிக்குப் புது முழங்கால் வைத்தார்கள். அவருக்கு மயக்க ஊசி போட்ட அதே வினாடியில், பத்து கிலோமீட்டர் தள்ளிப் பயிற்சி ஓட்டத்துக்கு நின்றிருந்த சீமாட்டி நாலு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்து குறட்டை விட்டது. அன்றைய பயிற்சி ரத்து.

அதன் பிறகு நடந்ததை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை, எழுதினால் சிரிப்பார்கள். சென்னியப்பன் தன் வாட்ச்மேனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். காலையில் முட்டை, சாயங்காலம் ஆட்டுக்கால் சூப், முதுகுக்கு இலவம்பஞ்சு மெத்தை. வெயிலில் நிற்க வேண்டாம் என்று வாசலில் மின்விசிறி. ஆறுச்சாமி மனசு வாடினால் நாய் வாடுமே என்று சூப்பர்வைசருக்கு அவரை அதட்டக் கூடாதென்று உத்தரவு.

"நாயி பேரச் சொல்லி எங்க ஊட்டுக்காரரை மனுசனா நடத்தறாங்க," என்றார் மயிலாத்தாள். "போச்சாது போங்க, எப்படியோ நடத்தறாங்க."

சீமாட்டிக்கும் உடம்பு தேறியது. ஆனால் கூண்டு அதே கூண்டுதான். ஆறுச்சாமி மெத்தையில் படுத்துக்கொண்டு, இன்னும் நாலு பக்கமும் கம்பி நெருக்குது என்றுதான் சொன்னார்.

மூன்றாவது பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. ஆறு நாய்கள். முன்னால் தண்டவாளத்தில் ஓடும் ஒரு இரும்பு முயல், மேலே பழைய கம்பளித் துணி சுற்றியது. நாய்கள் ஆயுசு முழுக்க அதைத்தான் துரத்துகின்றன. இதுவரை ஒன்றும் பிடித்ததில்லை. பிடித்தாலும் பல்தான் உடையும்.

ஆறுச்சாமியும் மயிலாத்தாளும் கேலரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரீன் கீழே வேலி ஓரமாக மருந்துப் பெட்டியோடு நின்றார். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். ஆறுச்சாமி புது முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நல்லா ஓடுமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓடுமுங்க. கால்தான் சரியாயிருச்சே."

"ஓடுனா மறுக்காக் கூண்டு. ஓடலீன்னா ஊசி," என்றார்.

மணி அடித்தது, நாய்களை அடைத்திருந்த பெட்டிகள் திறந்தன. அடடா, அந்த ஓட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும்! சீமாட்டி முதல் வளைவிலேயே மற்ற ஐந்தையும் தூசியில் விட்டுவிட்டது. கால்கள் தரையில் படுகின்றனவா என்றே தெரியவில்லை. சென்னியப்பன் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தார். நானும் கத்தினேன், வெட்கமில்லாமல் கத்தினேன்.

இங்கேதான் மயிலாத்தாள் ஒரு காரியம் செய்தார். கணவருக்குப் பட்டினி நாய் ஒன்றின் பசி குடலைக் கிள்ளுகிறது என்று அவருக்குத் தெரியும். நம் ஊரில் எங்கே போனாலும், கல்யாணமோ கோர்ட்டோ நாய்ப் பந்தயமோ, கட்டுச்சோறு இல்லாமல் போவதில்லை. "ரெண்டு வாய் தின்னுங்க, படபடப்பு அடங்கும்," என்று சொல்லிக்கொண்டே தூக்குப்போசியின் மூடியைத் திறந்தார்.

அரிசிம்பருப்புச் சோறு. மேலே நெய்.

ஆறுச்சாமியின் மூக்கு விடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிறு வரைக்கும் அந்த வாசத்தை இழுத்தார். கடைசி வளைவில், பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்த சீமாட்டி சட்டென்று நின்றது.

சீமாட்டி ஓடிப்போகும் இரும்பு முயலைப் பார்த்தது. பிறகு கேலரியைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அதனிடம் உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அதன் முகம். ஒரே தாவலில் வேலியைத் தாண்டி, பார்வையாளர்களின் தோளையும் குடையையும் மிதித்துக்கொண்டு, எட்டு வரிசை ஏறி வந்து தூக்குப்போசிக்குள் தலையை விட்டது.

பின்னால் வந்த ஐந்து நாய்களும் ஒரு வினாடி யோசித்தன. அவையும் முந்தின நாளிலிருந்து பட்டினிதான். அவையும் வேலியைத் தாண்டின.

கேலரியில் அன்று கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் அறுபது பேராவது இருப்பார்கள். புளிசாதம், தயிர்சாதம், ஒருவரிடம் கோழி வறுவல். அந்த ரகளையை நான் வர்ணிக்கப் போவதில்லை. இரும்பு முயல் தனியாக வந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. அறிவிப்பாளர் பழக்கதோஷத்தில், முயல் முதலிடம் என்று அறிவித்தும் விட்டார்.

சென்னியப்பன் படியேறி வந்தபோது முகம் செக்கச்செவேலென்று இருந்தது. பின்னால் நஸ்ரீனும் வந்தார், பெட்டியோடு.

"டாக்டரம்மா, இங்கயே போடுங்க ஊசிய. ஊரு பூராச் சிரிக்குது. இந்த நாயி எனக்கு வேண்டாம்."

ஆறுச்சாமி சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் ஒரே மாதிரி நடுங்கினார்கள். மயிலாத்தாள் இருவருக்கும் முன்னால் தூக்குப்போசியோடு போய் நின்றார்.

நஸ்ரீன் பெட்டியைத் திறக்கவில்லை. "ஓனர் கையெழுத்து வேணுமுங்க," என்றார்.

"நாந்தானம்மா ஓனரு!"

இத்தனை நாளாக நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருந்தது. அது தானாக என் வாயிலிருந்து வந்தது.

"அப்படீங்களா சார்? கையக் காட்டுங்க. பட்டை எங்கீங்க?"

சென்னியப்பன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். தங்க வாட்ச் இருந்தது.

"அது, அம்மணி, பதிவுல ஆறுச்சாமி பேரு இருக்குது. சும்மா பேருக்கு எழுதுனதுங்க. உங்களுக்கே தெரியுமுங்களே."

"தெரியாதுங்க. நீங்கதான் உண்மையான ஓனர்னு இப்ப எழுதிக் குடுங்க, தெரிஞ்சுக்கறேன். பட்டைய இவரு கையில இருந்து கழட்டி உங்க கையில மாட்டிடறேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் டாக்டர் ஊசி போடட்டும்."

அவர் ஊசிப் பெட்டியைப் பார்த்தார். சீமாட்டியைப் பார்த்தார். அது கடைசிப் பருப்பை நக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் கை தானாக இன்னொரு மணிக்கட்டைத் தடவிக்கொண்டது. அவ்வளவு நேரமும் ஒரு நாயைப் பற்றிப் பேசியவருக்கு, அந்த ஒரு நிமிடத்தில்தான் சாவு என்பது என்னவென்று புரிந்திருக்க வேண்டும்.

"ஆறுச்சாமி," என்றார் கடைசியில், குரல் இறங்கிப்போய். "உன்ற நாயி. நீயே பாத்துக்கப்பா."

வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருக்கவில்லை. இதே கேள்வியை முத்திரை குத்திய அன்றே கேட்டிருந்தால் எத்தனை நாய்கள் உயிரோடு இருந்திருக்கும் என்று மனசு ஓயாமல் கேட்டது. திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் ஒரு சுற்றறிக்கை தயார் செய்தேன். பதிவேட்டில் பெயர் உள்ள எல்லா வாட்ச்மேன்களுக்கும் டிரைவர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் ஒரே வாசகம்: 'சட்டப்படி இந்த நாய் உங்களுடையது. நீங்கள் விரும்பினால் இன்றே வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். பட்டையை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.'

செவ்வாய்க்கிழமை டயர் கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை நின்றது. முதல் ஆளாகப் பட்டையைக் கழற்றி நீட்டியவர் எங்கள் துறை இயக்குநரின் டிரைவர். இரண்டு நாய்களோடு வந்திருந்தார். என்னை அந்த மாதமே வேறு துறைக்கு மாற்றினார்கள். பல்லடத்தில் பந்தயம் நின்றுபோனது. தடையெல்லாம் இல்லை, ஓட நாய் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து ஆறுச்சாமியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சீமாட்டி நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கியது. உலகத்திலேயே வேகமான நாய் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் தூங்குமாம். கூண்டு இல்லாத தூக்கம். ஆறுச்சாமி தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது.

அப்போது தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. மயிலாத்தாள் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு, "ஏனுங்க, ஏந்திரிங்க" என்றார்.

ஆறுச்சாமி எழுந்து வலது காலை இழுத்து இழுத்து நொண்டினார். எனக்குப் பகீரென்றது. "என்னங்க இது? முட்டி மறுபடியும் போயிருச்சா?"

"முட்டியெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க அம்மணி," என்றார் மயிலாத்தாள். "தண்ணி லாரி வந்தா மட்டும் இப்பிடித்தான். அங்க பாருங்க."

கட்டிலிலிருந்து சீமாட்டி இறங்கியது. கழுத்தில் சில்லு இல்லை, எங்கேயும் பட்டை இல்லை. குடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, ஆறுச்சாமியின் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனது.